கல்லூரியில் எடுத்த ரத்தம்

லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கொஞ்ச காலம் அங்கே வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கென்று லீவில் வந்தார். லீவு முடிந்ததும் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அதில் விசேஷம் ஒன்றும் கிடையாது. ஜூன் மாதத்தில் ஆற்றில் தண்ணீர் வருவது நின்று, குறுவை போடுவதையே பலர் விட்டிருந்தார்கள். பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ மஸ்கட்டிலோ இருந்தார். அப்படி யாரும் இல்லாத வீட்டைப் பற்றித்தான் பாவப்பட்டுப் பேசுவார்கள்.

படிக்கச் சொன்னது மாமனார். "அவன் வர்ற வரைக்கும் வீட்டுல உக்காந்து என்ன பண்ணப்போவுது, படிக்கட்டுமே" என்றார். விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று அத்தை சொன்னார். நானும் சரி என்றேன்.

தஞ்சாவூரில் அந்த வருஷங்களில் தெருவுக்கு ஒரு கல்லூரி முளைத்தது. எங்களுடையது ஊருக்கு வெளியே, ஒரு பழைய ரைஸ் மில்லின் குடோனைத் தடுத்துக் கட்டியது. ஒரு பக்கம் கம்ப்யூட்டர் வகுப்பு, ஒரு பக்கம் நாங்கள். மழை பெய்தால் சுவரிலிருந்து தவிட்டு வாசம் வரும். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் 'மாணவர் நல மையம்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக வைத்த அறை அது. ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் மிஷின், ஒரு பச்சைத் திரை. புதன்கிழமைகளில் ஒரு லேடி டாக்டர் வருவார். நாங்கள் தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மாத்திரை வாங்கப் போவோம்.

அந்த டாக்டர் நாற்பது வயதுக்காரர். சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தார். கல்லூரிக்காரர்கள் பேருக்கு வைத்த வேலையை அவர் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். இரண்டாவது செமஸ்டரில் ஒருநாள் எங்கள் வகுப்புக்கு வந்தார்.

"நாளைக்கு நீங்க ஊர்ப்பட்ட பேரோட ரத்தத்தத் தொடப்போறீங்க. மொதல்ல உங்க ரத்தம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க. மஞ்சக்காமாலை பாக்கலாம், ரத்தசோகை பாக்கலாம், வி.டி.ஆர்.எல். பாக்கலாம். இஷ்டம் இல்லாதவங்க குடுக்க வேணாம்."

வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸ் நோய்க்கான சோதனை என்று எங்களுக்கு அப்போதுதான் பாடம் நடந்திருந்தது. ஊர்ப் பேச்சில் மேகநோய். பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி எழுந்து, "எங்களுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் எடுத்துட்டா, யாரப் பாத்தும் எதுக்குன்னு கேக்க வேண்டியதில்ல பாரு, அதுக்குத்தான்" என்றார் டாக்டர்.

எல்லோரும் கொடுத்தோம். கொடுக்காமல் இருந்தால்தான் பேச்சாகியிருக்கும். எச்.ஐ.வி. சோதனை வேண்டுபவர்கள் தனியாக வந்து சொல்லலாம் என்றார். யாரும் போகவில்லை. எடுத்த ரத்தத்தையே பிராக்டிகலுக்கும் வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் லேப் மேடம் கேட்டிருக்கிறார். டாக்டருக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. டியூபில் பெயர் இருக்கக்கூடாது, நம்பர் மட்டும்தான் என்று சொல்லி ஒப்புக்கொண்டாராம்.

என் மேசையில் என்னோடு இருந்தவள் முத்துப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, துபாயில் கடை வைத்திருந்தார். அவள் தஞ்சாவூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். ஆனால் நான் கல்யாணமானவள் என்பதால் என்னை அக்கா என்பாள். வகுப்பில் தூங்காமல் இருப்பதற்காக ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள்.

பிராக்டிகல் அன்று காலை முழுக்க எங்கள் மேசைக்கு வந்த டியூப்கள் எல்லாமே 'நான் ரியாக்டிவ்', அதாவது நோய் இல்லை. சலிப்பான சோதனை அது. கண்ணாடியில் வட்டத்துக்குள் ஒரு சொட்டு சீரம் விட்டு, அதன்மேல் ஒரு சொட்டு மருந்து விட்டு, கையால் சுழற்றிவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோயில்லாத ரத்தமென்றால் நொய்க் கஞ்சி மாதிரி ஒரே சீராகத் தெரியும். இருந்தால் பால் திரிந்ததைப் போலத் திட்டுத் திட்டாகப் பிரிந்து நிற்கும். புத்தகத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தோம்.

மதியத்துக்குச் சற்று முன்னால் ஒரு வட்டத்தில் நான் அதைப் பார்த்தேன். புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

"மேடம், ரியாக்டிவ்!" என்று கூப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் கூப்பிட்டேன்.

லேப் மேடம் வந்து குனிந்து பார்த்தார். "அடடா, என்ன தெளிவா இருக்கு. எல்லாரும் வரிசையா வந்து பாருங்க. இந்த மாதிரி ஸ்லைடு லேசுல கெடைக்காது."

வகுப்பே வரிசையில் வந்தது. நான் பக்கத்தில் நின்று, ஒவ்வொருத்தி கண்ணுக்கும் ஏற்றபடி ஃபோகஸைத் திருப்பிக் கொடுத்தேன். "ஸ்லைட நகத்தாதீங்கடி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பார்த்து முடித்ததும் மேடம் பேனாவை எடுத்தார்.

"நம்பர் என்ன?"

டியூபைத் தூக்கிப் பார்த்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என்னுடைய நம்பர் என்று தெரிந்தது.

பக்கத்தில் பஞ்சைச் சுருட்டிக்கொண்டிருந்த தோழியின் கை நின்றுவிட்டது. அவளுக்கு என் நம்பர் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. மேடத்துக்கும் அந்தக் கணம் தெரிந்திருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"ஒப்பிட்டுப் பாக்க வச்சிருந்த கன்ட்ரோல் சீரம் கலந்துட்ட மாதிரி இருக்கு. இத யாரும் கணக்குல எடுத்துக்காதீங்க. சாப்பிடப் போங்க எல்லாரும்."

எல்லோரும் போனதும் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பவும் போட்டோம். அதே போலத்தான் வந்தது. எவ்வளவு தூரத்துக்கு இருக்கிறது என்று பார்க்க சீரத்தில் உப்புத் தண்ணீர் கலந்து கலந்து போட வேண்டும். "நான் போடவா, நீ போடுறியா?" என்று மேடம் கேட்டார். நானே போட்டேன். பிப்பெட்டில் ஒரு குமிழிகூட வரவில்லை. பதினாறு மடங்கு வரைக்கும் திட்டு தெரிந்தது. மேடம் என் தோளில் கை வைத்தார். பிறகு போன் பண்ணுவதற்காக ஆபீஸ் அறைக்குப் போனார். ராக்கில் கலைந்திருந்த டியூப்களை நான் நம்பர்படி அடுக்கி வைத்தேன்.

புதன்கிழமை இல்லாவிட்டாலும் டாக்டர் அன்று மாலையே வந்தார். பச்சைத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு மேடம்."

"வீட்டுக்காரர்?"

"சிங்கப்பூர்."

டாக்டர் பச்சைத் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். "வேற யார்கூடவாவது பழக்கம் உண்டா? கேக்கணும்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல மேடம்."

"சரி." இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை. "கல்யாணம் ஆன புதுசுல உள்ளங்கையில, உள்ளங்கால்ல தடிப்பு மாதிரி ஏதாவது வந்துச்சா? அரிப்பு இருந்திருக்காது."

வந்திருந்தது. அவர் கிளம்பிப் போன பிறகு வந்த வெயில் காலத்தில். உள்ளங்கை முழுக்கச் செம்பு நிறத்தில் புள்ளி புள்ளியாக. உடம்புச் சூடு என்று சொல்லி அத்தை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிவிட்டார். பத்தியம் என்று கத்தரிக்காயை நிறுத்தினார். சில வாரங்களில் மறைந்துபோனது. அத்தைக்கு அதில் பெருமைகூட உண்டு.

"அது தானாவே போயிரும். நோய் போகாது" என்றார் டாக்டர். "ஆனா இது ஊசிக்குக் கட்டுப்படுற நோய். முழுசா சரியாயிடும். கேட்டீங்களா? முழுசா."

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எதிரே எடை மிஷின் இருந்தது. யாரும் ஏறாமலே அது இரண்டு கிலோ காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நாங்கள் பார்த்த எடையெல்லாம் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வருமோ என்று டாக்டர் என்னைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு எதுவும் வரவில்லை.

உறுதிப்படுத்துகிற இன்னொரு சோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அதுவும் அப்படியே வந்தது. என் சம்மதம் கேட்டு எச்.ஐ.வி.யும் பார்த்தார். அது இல்லை. "நல்லவேளை" என்றார் டாக்டர். ஆமாம் என்று நானும் சொன்னேன். இரண்டு முடிவுகளையும் ஒரே மாதிரிதான் கேட்டுக்கொண்டேன்.

வாரம் ஒரு ஊசியாக மூன்று ஊசி. அந்தப் புதன்கிழமைகளில் டாக்டர் வகுப்பில் எல்லோரையும் ஒவ்வொருத்தியாக அறைக்குக் கூப்பிட்டார். ரிசல்ட் சொல்ல, சத்து மாத்திரை கொடுக்க, எடை பார்க்க என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். எல்லோரையும் ஏறக்குறைய ஒரே நேரம் உள்ளே வைத்திருந்தார். "ஒரு தலைவலி மாத்திரைக்கு இவ்ளோ நேரமா" என்று பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். எதற்காக அப்படிச் செய்கிறார் என்பது எனக்கும் லேப் மேடத்துக்கும் என் தோழிக்கும் மட்டும் தெரியும்.

அந்த ஊசிமருந்து சுண்ணாம்புப் பால் மாதிரி கெட்டியாக இருக்கும். போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போலிருக்கும். பஸ்ஸில் உட்கார முடியாமல் பாபநாசம் வரைக்கும் நின்றுகொண்டே வருவேன். முதல் வாரமே அத்தை கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன நொண்டுற?"

"காலேஜ்ல எல்லாருக்கும் தடுப்பூசி போட்டாங்கத்த."

"எந்தக் கடங்காரி போட்டா? இப்படியா குத்துவாளுவ, மாட்டுக்குப் போடுற மாதிரி?"

அடுப்பில் தவிட்டை வறுத்து, துணியில் மூட்டை கட்டிக் கொண்டுவந்து, என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி ஒத்தடம் கொடுத்தார். மூன்று வாரமும் கொடுத்தார். சூடு இதமாக இருந்தது. பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

தோழி முதல் நாள் என் டிபன் பாக்ஸிலிருந்து எதுவும் எடுக்கவில்லை. வழக்கமாகத் திறப்பதற்கு முன்பே கையை விடுகிறவள். இது எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பரீட்சைக்குப் படித்திருந்தோம். மறுநாள் அவளே வந்து, "அக்கா, என்ன கொழம்பு?" என்று கேட்டு, கையைவிட்டு எடுத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதது போல மோர் மிளகாயை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "அவரும் ஊசி போட்டாகணும். இல்லன்னா அவர் திரும்பி வந்ததும் உங்களுக்குத் திரும்ப ஒட்டிக்கும். அவர் உடம்புக்கும் நல்லதில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு போனுக்கு அவர் கூப்பிடுவார். மாமா, அத்தை, நான் என்று வரிசையாகப் பேசுவோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து இதைப் பேச முடியாது.

தோழிதான் வழி சொன்னாள். அவளுடைய மாமா தஞ்சாவூர் ரயிலடிப் பக்கம் ஐ.எஸ்.டி. பூத் வைத்திருந்தார். "சாயங்காலம் அஸர் தொழுகைக்கு மாமா பள்ளிவாசலுக்குப் போயிருவாங்க. நான்தான் கடையப் பாத்துக்குவேன். அப்ப வந்து பேசுங்கக்கா. யாரையும் உள்ள விட மாட்டேன்." ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரை அழுத்தினேன். அவர் தங்கியிருந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே போன். யாரோ ஒருவர் எடுத்து, தமிழில் யார் வேண்டும் என்று கேட்டு, அவர் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"என்ன? அப்பாவுக்கு என்ன?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. எனக்குத்தான், காலேஜ்ல ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க."

"சரி?"

"வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ்னு வந்திருக்குங்க."

அது என்னவென்று விளக்குவதற்கு நான் வார்த்தைகளைத் தயார்செய்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையில் அதையும் பார்ப்பார்கள் என்பதும், அங்கே எல்லா ஆட்களுக்கும் அந்த நாலு எழுத்து தெரியும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அங்க யாரு?"

"என்னது?"

"தெனம் பஸ்ல போற. காலேஜ்னு போற. யாருன்னு கேக்குறேன்."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கேட்டபோது ஆச்சரியப்படவும் இல்லை. யாரோ பக்கத்து பூத்தில் பேசுவது காதில் விழுந்தது போலிருந்தது.

"டாக்டர் உங்களையும் டெஸ்ட் பண்ணிக்கிட்டு ஊசி போட்டுக்கச் சொன்னாங்க" என்றேன்.

"இங்க டெஸ்ட் பண்ணித் தெரிஞ்சுதுன்னா பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டு மறுநாளே பிளைட்ல ஏத்திருவான். தெரியுமா உனக்கு? புரியாம பேசாத."

அந்தப் பதில் அவ்வளவு சீக்கிரம் வந்தது. அவருக்கு இது புதுச் சேதி இல்லை என்று அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வைத்துவிட்டார்.

வெளியே வந்தேன். தோழி எதுவும் கேட்காமல் ஒரு கலர் உடைத்துக் கொடுத்தாள். ஆரஞ்சு. முழுவதும் குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவது நின்றது. அத்தை பக்கத்து வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார். அய்யம்பேட்டைக்காரர் ஒருவர் லீவில் வந்தவர், ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்றார். "நல்லாருந்தா ஏன் பேச மாட்டேங்குறான்?" என்று அத்தை என்னிடம் கேட்டார். வேலை அதிகமாயிருக்கும் என்றேன். காலையில் சோறு வடித்து, டிபன் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய், வந்து பாத்திரம் தேய்த்தேன். நாட்கள் போயின. யோசித்துப் பார்த்தால் அந்த மாதங்களில் என்ன செய்தேன் என்பதே ஞாபகமில்லை. டாக்டர் இடையில் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவு நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். அது ஞாபகமிருக்கிறது.

கார்த்திகை மழையில் ஒருநாள் காலையில் அவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். பெட்டியெல்லாம் நனைந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஏஜென்ட் புதுப் பெர்மிட் போடுகிறார், அதுவரை லீவு என்றார். அத்தை அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். உடனே விரால் வாங்கிவரச் சொல்லி மாமாவை விரட்டினார். வந்தவர் என் பக்கம் பார்த்தும் பார்க்காமலும் குளிக்கப் போனார்.

சாப்பிட்டு முடித்து அறைக்குள் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். கல்லூரியிலிருந்து நான் முன்பே கொண்டுவந்து பையில் வைத்திருந்த ஊசியையும் டியூபையும் எடுத்தேன்.

"கைய நீட்டுங்க" என்றேன்.

ஊசியைப் பார்த்தார். பிறகு என்னை. என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்திருக்கவில்லை. ரப்பர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். முன்கையெல்லாம் வெல்டிங் பொறி பட்ட சின்னச் சின்னத் தழும்புகள். நரம்பு நன்றாக எழும்பியிருந்தது. வகுப்பில் எல்லோரும் ஆசைப்படுகிற மாதிரியான நரம்பு. ஒரே குத்தில் கிடைத்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

டியூப் பாதி நிறைந்திருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வந்தார். தட்டில் வாழைப்பழம்.

"அடிப்பாவி! என்னடி பண்ற எம்புள்ளய?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார். "ஒண்ணுமில்லம்மா, சுகர் இருக்கான்னு பாக்கச் சொன்னேன். அங்க ஓட்டல் சாப்பாடு. இவதான் படிக்கிறால்ல, சும்மா எதுக்கு வெளில போய்க்கிட்டு."

குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அத்தை முணுமுணுத்துக்கொண்டே பழத்தை வைத்துவிட்டுப் போனார். நான் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பிடித்துக்கொண்டார்.

"நான் எதுவும் கேக்கல. நீங்க எதுவும் சொல்ல வேணாம். டாக்டர் சொல்றத மட்டும் கேளுங்க" என்றேன்.

தலையாட்டினார். மறுநாள் லேப் மேடத்தோடு உட்கார்ந்து நானே சோதனையைப் போட்டேன். என்னுடையதைவிட அவருடையது அதிகமாக இருந்தது. வரிசையாக வந்து பார்க்க அன்று யாரும் இல்லை. எச்.ஐ.வி. அவருக்கும் இல்லை.

தஞ்சாவூரில் டாக்டரின் கிளினிக்கில் அவருக்கு ஊசி. முதல் தடவை டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவரும் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. நானும் இன்றுவரை கேட்கவில்லை. அங்கே யார், எப்போது, எத்தனை முறை என்பது எதுவும் எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்பதற்கான ஏதோ ஒன்று எனக்குள் எழவே இல்லை.

மூன்றாவது ஊசி போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவரால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே வயல்களில் மழைத்தண்ணீர் தளும்ப, நட்ட பயிர் நுனி மட்டும் தெரிந்தது. பயிர் அழுகிவிடும் என்று பின்சீட்டில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கு போன்ல நான் கேட்டது…" என்று ஆரம்பித்தார்.

"டிக்கெட் எடுத்துட்டீங்களா?" என்றேன்.

"எடுத்துட்டேன்."

நான் பேச்சை மாற்ற வேண்டும் என்று அப்படிக் கேட்கவில்லை. கண்டக்டர் வந்துகொண்டிருந்தார், அதனால் கேட்டேன்.

பொங்கல் கழிந்து, ஏஜென்ட் அவரை மெட்ராஸுக்கு மெடிக்கலுக்கு அனுப்பினார். ரத்தத்தில் இன்னும் மெல்லிசாகக் காட்டியது. நோய் போன பிறகும் சிலருக்குச் சோதனையில் வெகுகாலம் அப்படிக் காட்டிக்கொண்டிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முழுச் சிகிச்சையும் முடிந்துவிட்டது என்று ஒரு சர்ட்டிஃபிகேட்டும் கொடுத்திருந்தார். ஏஜென்ட் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "இதெல்லாம் அங்க எடுபடாதுங்க. அன்ஃபிட்னா அன்ஃபிட்தான்." கல்லூரி அறையில் எனக்கு எடுத்ததும் அதே சோதனைதான். எனக்கு அதன்பிறகு ஊசி கிடைத்தது. அவருக்கு வேலை போனது.

வீட்டில் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னார். அத்தை அதைத் தானாக முடிச்சுப்போட்டுக்கொண்டார். "மலை மாதிரி வந்த புள்ள. வந்த அன்னைக்கே இவ ஊசியக் குத்தி ரத்தத்த உறிஞ்சுனா. அதுலேர்ந்துதான் ரத்தம் கெட்டுப்போச்சு." எங்கள் தெரு முழுக்கச் சொன்னார். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நான் அடுக்களையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே ஒருமுறை அவர், "அவ எடுக்கலன்னாலும் அப்படித்தாம்மா வந்திருக்கும்" என்றார். "ஆமா, பொண்டாட்டிக்கு வக்காலத்து வாங்கு" என்று அத்தை சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் அறுவடை மிஷின்கள் வரத் தொடங்கியிருந்தன. வெளியூர் முதலாளி ஒருவரின் மிஷினில் அவர் மெக்கானிக்காகச் சேர்ந்து, பிறகு ஓட்டவும் பழகினார். அறுப்புக் காலத்தில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று போய்விடுவார். தலைமுடியிலும் புருவத்திலும் வைக்கோல் தூசியோடு வருவார். அவர் தேடிக்கொண்ட வேலை அது. நான் படிப்பை முடித்துவிட்டு டாக்டரின் கிளினிக் லேபிலேயே சேர்ந்தேன். புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு வருஷா வருஷம் அந்தக் கல்லூரியில் பரிசோதனை நடக்கும். ரத்தம் எடுக்க நான் போவேன். "எதுக்குங்கக்கா இதெல்லாம்?" என்று யாராவது கேட்பார்கள். "எல்லாருக்கும் எடுக்குறதுதான்" என்பேன். பிராக்டிகலுக்கு அந்த ரத்தத்தைத் தரக்கூடாது என்று டாக்டர் முதல் வருஷத்தோடு நிறுத்திவிட்டார்.

தோழி கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போனாள். போவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ள வந்தவள், ரொம்பநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு நானும் அவரும் சேர்ந்து வாழத் தொடங்கினோம். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் கோபித்துக்கொண்டதில்லை. மூன்றாவது வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போனது. டாக்டர் மாதம் தவறாமல் ரத்தம் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் பிறந்ததும் குழந்தைக்கும் பார்த்துவிடலாம் என்றார். பெண் பிறந்தது. குதிகாலில் குத்தி எடுத்தார்கள். குழந்தை ஒரு மூச்சு அழுதுவிட்டுத் தூங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர் தினம் வந்தார். ஹார்லிக்ஸ் வாங்கி வந்தார், ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கி வந்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே. அழுதால் தொட்டிலை ஆட்டிவிடுவார். குழந்தையை அவர் தூக்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னக் குழந்தையைத் தூக்க ஆம்பளைக்குப் பயம் என்று அத்தை சிரித்தார்.

ஒரு சாயங்காலம் டாக்டர் பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணினார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். அன்று அவர் அறுப்புக்குப் போய்விட்டு இருட்டுவதற்கு முன்னாலேயே வந்தார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"டாக்டர் பேசுனாங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையாம்."

"சரி" என்றார்.

நான் உள்ளே போய்த் தட்டு வைத்துச் சோறு போட்டேன். அவர் சாப்பிட வரவில்லை. குளித்துக்கொண்டிருந்தார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றபாடில்லை. வந்தவர் சலவை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் நேரே தொட்டிலுக்குப் போனார். குழந்தையின் கழுத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினார். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, சரியாகத்தான் பிடித்திருந்தார். சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"சோறு ஆறுது" என்று அத்தை கூடத்திலிருந்து சொன்னார்.

"ஆறட்டும்த்த" என்று சொல்லிவிட்டு, நான் தட்டை மூடி வைத்தேன்.